எண்ணாமல் விட்ட ஒரு நகர்த்தல்

ஒருவர் தப்பிக்க ஒரே ஒரு வழி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும், சொல்லக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு வாய்மூடி நின்றவனை நேர்மையானவன் என்று சொல்லலாமா? மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூடிய மண்டபத்துக்குள், சதுரங்கப் பலகையின் அருகே நின்றபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நான் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. செய்யூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அங்கே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். எல்லோருக்கும் அவர் அண்ணாத்த. கேண்டீன் மேசையில் அவரோடு சதுரங்கம் ஆடாதவர்கள் குறைவு. தோற்காதவர்கள் அதைவிடக் குறைவு. காயைத் தொடுமுன், அந்த நிலையில் தமக்கு எத்தனை நகர்த்தல்கள் உண்டென்று கட்டைவிரலால் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணுவார். ஆட்டம் தொடங்கும்போது இருபது: சிப்பாய்களுக்குப் பதினாறு, குதிரைகளுக்கு நான்கு. காய்கள் வெளியே வர வர அது முப்பது, நாற்பது என்று பெருகும். ராஜாவுக்குச் செக் விழுந்ததும் இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கிவிடும். "அல்லாத்தையும் எண்ணிடணும் தம்பி. எண்ணாம வுட்ட வழிலதான் எதிராளி வந்து குந்திக்குவான்" என்பார்.

கேண்டீன் ஆட்டத்தில் ஒரே ஒரு விதி மட்டும் வழக்கத்தில் இல்லை. எதிராளியின் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டமே வந்ததாகக் கொண்டு, உடனே அடுத்த நகர்த்தலில் அதை வெட்டலாம் என்ற விதி. கல்லூரியில் ஆடியதால் எனக்கு அது தெரியும். இருந்தும் நான் சொன்னதில்லை. படித்தவன் வந்து அவர்கள் ஆட்டத்தைத் திருத்துவதாகத் தோன்றிவிடுமோ என்ற கூச்சம். அன்று அதைப் பணிவு என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு தொழிற்சாலைகளுக்கிடையே சதுரங்கப் போட்டி நடந்தது. முதலிடம் பெறும் ஒப்பந்தத் தொழிலாளியை நிறுவன அணியில் சேர்த்து, வேலையையும் நிரந்தரமாக்குவதாக எங்கள் மேலாளர் அறிவித்தார். அண்ணாத்தவின் ஒப்பந்தம் மறுமாதம் முடிய இருந்தது. நடுவர்களில் ஒருவனாக என்னை அமர்த்தினார்கள். ஆங்கிலத்தில் அச்சான விதித்தாளை மண்டப வாசலில் ஒட்டியது நான்தான். ஒட்டியதோடு என் கடமை முடிந்ததென்று நம்பினேன்.

கடற்காற்று காய்களைச் சாய்த்துவிடும் என்று சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியது. கடைசிச் சுற்றில் அண்ணாத்த தோற்காமல் இருந்தால் போதும், முதலிடம் அவருக்குத்தான். வேறொரு தொழிற்சாலையின் எழுத்தர் அவருக்கு எதிரே அமர்ந்திருந்தார். எழுத்தரின் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி வந்து ராஜாவுக்குச் செக் வைத்தது. "செக்மேட்" என்றார் அவர்.

அண்ணாத்தவின் கட்டைவிரல், எண்ணத் தொடங்கும் சுண்டுவிரலின் அடிக்கணுவிலேயே நின்றுவிட்டது. ராஜா நகரக் கட்டமில்லை. செக் வைத்த சிப்பாய்க்குக் காவல் இருந்ததால் ராஜாவால் அதை வெட்டவும் முடியாது; வேறு பெரிய காய் எதுவும் அதை எட்டவில்லை. ஆனால் அவருடைய சிப்பாய் அதற்கு ஒட்டினாற்போலப் பக்கத்துக் கட்டத்தில்தான் நின்றது; கேண்டீனில் வழக்கமில்லாத அந்த விதிப்படி அதை வெட்டலாம். கடிகாரத்தில் அவருக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "இன்னா அண்ணாத்த, எண்ணிக்கினே கடைசி பஸ்ஸ வுட்டுடப் போற!" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். நான் வாய் திறந்தால் ஆட்டம் கெடும். எங்கள் நிறுவனத்து ஆள் என்பதால் அவரையே விலக்கிவிடவும் கூடும். திறக்காவிட்டால் அவருடைய வேலை போகும். கால் நகராமல், கண்ணையும் அந்தச் சிப்பாயிடம் போகவிடாமல் நின்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார். கைகுலுக்கிவிட்டு, தோற்றதாக ஆட்ட முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பஸ் நிலையத்தில் அவரிடம் சொல்லிவிட்டேன். அந்த நகர்த்தலை என் உள்ளங்கையில் வரைந்து காட்டினேன். வென்றிருப்பாரா, தெரியாது, ஆட்டம் அங்கே முடிந்திருக்காது என்பது மட்டும் உறுதி.

"அப்போ ஒரு வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணே. அந்த நேரத்துல நான் சொல்லக் கூடாது. விதி அப்படி."

"செரி, அங்க உன் வாய விதி கட்டிடுச்சு." கோபமில்லாமல்தான் கேட்டார்: "ஒரு வருசமா கேண்டீன்ல என்கூட ஆடிக்கினு இருந்தியே, அப்போ யாரு கட்னா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

மறுமாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதைத் தெரிவிக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பியதும் என் மேசைதான். முட்டுக்காட்டுப் பக்கம் வேன் ஓட்டுகிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கவில்லை.

நான் இன்னும் பணியாளர் பிரிவில்தான் இருக்கிறேன். ஒப்பந்தமோ விலகல் கடிதமோ, எந்தத் தாளானாலும் தமிழில் வரிவரியாகப் படித்துச் சொல்லி, அந்தத் தொழிலாளிக்கு அதில் என்னென்ன உரிமை உண்டென்று விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குகிறேன். நேரம் வீணாகிறதென்று மேலதிகாரிகள் இருமுறை எழுத்தில் கண்டித்திருக்கிறார்கள். அப்படியும் படித்துச் சொல்வதை நிறுத்தவில்லை.