ஊரிகத்தில் நான் மடித்து வைத்த துண்டு

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் கணவருக்கு வந்த ஒரு வேலை. ராஜஸ்தானில் எண்ணெய் கிடைத்ததும் மளமளவென்று வளர்ந்துவிட்ட ஓர் ஊர். துரப்பண எந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. வீடு, தண்ணீர், கரண்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியே கொடுக்குமாம். மனிதர் ஆகாயத்தில் பறந்தார். “காட்பாடி வீட்டை வித்துட்டு அங்கேயே ஒரு இடம் வாங்கிடலாம்” என்று வேறு சொன்னார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

பூமிக்கு அடியிலிருந்து எடுப்பதை நம்பி வாழ்ந்த ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, போய்க் கேட்டுவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. கணவரின் பெரியப்பா மகள் கஸ்தூரி அண்ணி கோலார் தங்கவயலில்தான் இருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன். ஜூலை மாதம், நசநசவென்று தூறல்.

காட்பாடியிலிருந்து பங்காருப்பேட்டை நூற்று அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தங்கவயலுக்குக் கிளை ரயில் உண்டு, ஆனால் அது காலையும் மாலையும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர்களின் வசதிக்குத்தான் ஓடுகிறது. நடுவில் போய் இறங்கினால் என்னைப்போல் முழிக்க வேண்டியதுதான். பஸ் பிடித்து ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இறங்கினேன். பேக்கரியில் சூடாக ஒரு பன், ஒரு டீ, முப்பது ரூபாய். அந்த பன்னுக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

அண்ணி இருக்கும் ஊரிகம் பகுதிக்கு ஆட்டோ எண்பது ரூபாய் கேட்டார் டிரைவர். ஐம்பது வயதிருக்கும். சுரங்கக் கம்பெனியே எல்லாம் கொடுத்த காலத்தில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று வாயைக் கிளறினேன், அவ்வளவுதான். “நல்லது இன்னான்னு கேக்கறீங்களா மேடம்? கரண்ட் பில்லுன்னா இன்னான்னே எங்க வூட்ல தெரியாது. கெட்டதும் அதேதான். மைன் மூடுனப்புறம் மீட்டர் வெச்சாங்க. எங்கம்மாவுக்கு லைட்ட ஆஃப் பண்ணவே கை வரல. நாங்க மூணு பேரு பின்னாலயே சுத்தி சுத்தி ஆஃப் பண்ணுவோம்.” சாலையோரத்தில் சாம்பல் நிற மண்மேடுகள் வந்தன. தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய கழிவு. காற்றடித்தால் சோற்றிலும் அந்த மண்தானாம். “சொல்ப கண்ண மூடிக்கோங்க” என்று ‘கொஞ்சம்’ என்பதைக் கன்னடத்தில் சொன்னார், கண்ணை மூடாமலே ஓட்டிக்கொண்டு.

ஊரிகம் லைன் வீடுகள் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. பக்கத்து வீட்டில் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். “வா வா. உங்கண்ணன் தூங்கினுகிறாரு, பின்னாடி பக்கமா வா” என்று குரலைத் தணித்தார். அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சுரங்கத்துக்குள் ஷிப்ட் பார்த்தவர், இப்போது பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரி வாட்ச்மேன். காலை ரயிலில் வந்து படுத்திருக்கிறார்.

அண்ணி மளிகைக் கடைக்குப் போன நேரத்தில் மழை வலுத்தது. முன்கதவில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அடடா, காயப்போட்டதை மறந்துவிட்டார்களே என்று எடுத்து, அழகாக மடித்து உள்ளே வைத்தேன். விருந்தாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மழை விட்டது. ஐந்து நிமிடம் போகவில்லை, வாசலில் ஒரு மீன்காரரின் மொபெட் வந்து நின்று ஸ்பீக்கரில் மூன்று பாஷையில் மீன் விற்றது. பையன்கள் ஸ்டம்ப்பை நட்டார்கள். தகர ஷீட்டில் பந்து மடேர் என்று விழுந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஆரம்பித்தது. அண்ணன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்த துண்டைப் பார்த்தார். “நீதானாம்மா?” என்று சிரித்துவிட்டார்.

கதவில் துண்டு தொங்கினால் உள்ளே ராத்திரி ஷிப்ட் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். அந்த வாசலில் யாரும் கூவக் கூடாது, விளையாடக் கூடாது, மிக்ஸி கூடாது. சுரங்கம் இருந்த காலத்துப் பழக்கம். சுரங்கம் போய்விட்டது, துண்டு போகவில்லை. எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

கூத்து அதோடு முடியவில்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்போடு வந்தார், முகம் வாடியிருந்தது. பின்னாலேயே இன்னொரு வீட்டிலிருந்து இட்லி. மூன்றாவது வீட்டுப் பெரியவர், “பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு கீது, நாளைக்கே பேசறேன்” என்றார். வேலை நாளில் துண்டு இல்லையென்றால் அண்ணனுக்கு வேலை போய்விட்டது என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். நான் நடந்ததைச் சொன்னதும் ஸ்டெல்லா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “குழம்பு குழம்புதான், திருப்பி எட்த்துனு போமாட்டேன்” என்றார். தூக்கம் கெட்ட அண்ணன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். துண்டை நானே கொண்டுபோய் மாட்டினேன்.

பாத்திரம் கழுவும்போது அண்ணி சொன்னார்: “மைன் மூடுன அன்னைக்கு மறுநாள் இந்த லைன்ல ஒரு கதவுலயும் துண்டு இல்ல. சத்தம் போடலாம், கேக்க ஆளில்ல. ஆனா பசங்க வெளையாடவே இல்ல.” ராஜஸ்தானில் அப்படி ஒரு காலையில் நான் வாசலில் நிற்பது மாதிரி நினைத்துப் பார்த்தேன், பயமாகத்தான் இருந்தது. கடைசியில் வந்த காரியத்தைக் கேட்டேன். போகலாமா, வேண்டாமா?

“போங்க. நாங்க நல்லாத்தான் வாழ்ந்தோம். ஆனா கம்பெனி எப்பவும் இருக்கும்னு நாங்க எங்கயும் சொந்தமா ஒரு கொட்டா கூட போட்டு வெக்கல. காட்பாடி வூட்ட விக்காதீங்க. அங்க போனா மொதல்ல அக்கம்பக்கத்த சம்பாதிச்சிக்க.”

மறுநாள் மாலை ரயிலுக்கு முன் கணவருக்கு போன் செய்தேன். “சரின்னு சொல்லிடுங்க. வீடு மட்டும் விக்கறதா இல்லை.” அவர், “சரி, சாவி யார்கிட்ட குடுக்கறது?” என்றார். அப்பாடா என்றிருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால்: கிளை ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மண்மேடுகளில் போட்டோவுக்காக ஏறாதீர்கள், அதில் சயனைடு கலந்திருக்கிறது. பன்னைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். கொட்டுகிற மழையானாலும் யார் வீட்டுக் கதவிலும் துண்டைத் தொடாதீர்கள்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நானும் ஒரு துண்டு வாங்கினேன், சிவப்புக் கட்டம், நூற்றிருபது ரூபாய். எண்ணெய்க் கிணற்றிலும் ராத்திரி ஷிப்ட் உண்டு. கதவில் துண்டு தொங்கினால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவேன்.