காதோரக் கீறல்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. நேரில் பார்த்தால் மீட்டர் சார். தலை மறைந்ததும் சீசர். இரண்டாவது பெயர்தான் தனக்குப் பொருத்தம் என்று அவரும் உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடமாகச் சேற்றுக் குழிகளில் குனிந்து மங்கிய எண்களைப் படித்த கண் அது. அதே கண்ணை அவர் ரோமானிய நாணயங்களின் பக்கம் திருப்பினார். தேய்ந்த எழுத்தில் பாதியும் மூக்கின் வளைவும் தெரிந்தால் போதும், எந்தப் பேரரசர், எந்த வருடம் என்று சொல்லிவிடுவார். அத்தனை பேரரசர்களின் மூக்கும் மனப்பாடம். மனைவி மூக்குக்கண்ணாடி மாற்றி நான்கு மாதம் ஆனதைத்தான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் நூலக மாடியில் நாணயச் சங்கம் கூடும். மொத்தம் ஒன்பது பேர். அங்கே இவர் வைத்ததுதான் சட்டம். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு தையல்காரர் புதிதாகச் சேர்ந்து, தான் வாங்கிய வெள்ளிக் காசு ஒன்றை ஆசையாக நீட்டினார். மீட்டர் சார் முகப்பைக்கூடப் பார்க்கவில்லை. விளிம்பை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அச்சு வச்சு அடிச்ச காசு இல்ல இது. உருக்கி ஊத்தினது. வார்த்த கோடு பல்லைக் காட்டுது. பட்டன் டப்பாவுல போட்டு வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். அதன்பிறகு ஒரு வாரமும் தவறாமல் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். காசு மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை.

போன வருடம் மீட்டர் சாருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மூன்றே மாதம் ஆண்டுவிட்டு மண்டையைப் போட்ட ஒரு பேரரசரின் வெள்ளிக் காசு, ஒரு வெளியூர் வியாபாரியிடம் கிடைத்தது. விளிம்பு முழுக்க அரம் போட்ட தடம். வேறு யாருடைய காசாக இருந்தாலும், வார்த்த கோட்டை ராவி மறைத்திருக்கிறார்கள் என்று நொடியில் சொல்லியிருப்பார். இது சொந்தக் காசல்லவா? அந்தக் காலத்து வியாபாரி எவனோ வெள்ளி சுத்தமா என்று உரசிப் பார்த்திருக்கிறான் என்று நான்கு பக்கத்துக்குக் கட்டுரையே எழுதி, காசோடு சேர்த்து ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அருங்காட்சியக அதிகாரி அம்மையார் படித்தது பட்டாம்பூச்சிகளைப் பற்றி. நான்கு பக்கத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டார். காசு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. அதன் கீழே ஓர் அட்டையில், வழங்கியவர் என்று இவர் பெயர். அந்த அட்டைக்காகத்தான் இத்தனை பாடும். அவர் பெயர் அதற்கு முன் அச்சில் வந்தது அலுவலக அடையாள அட்டையில் மட்டும்தான், அதுவும் எழுத்துப்பிழையோடு. ஞாயிறு தோறும் போய் அட்டையைப் பார்த்துவிட்டு வருவார். நேரம் இருந்தால் காசையும் பார்ப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கைக்குட்டையைப் பிரித்து, ஏழு வருடத்துக்கு முன்னால் நீட்டிய அதே காசைப் பெட்டியின் மேல் வைத்தார். அதே மூக்கு, அதே எழுத்து. காதோரம் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல், அதுவும் அதே.

மீட்டர் சார் குனிந்து இரண்டு கீறலையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு ஒத்துப்போகலாம், எழுத்து ஒத்துப்போகலாம். ஆனால் கீறல் என்பது புழங்கியதில் ஒரு காசுக்கு மட்டும் விழுந்த காயம். இரண்டு காசில் ஒரே கீறல் இருந்தால் ஒன்றாவது வார்த்த போலி; மற்றதன் விளிம்பில் அரம் பட்டிருந்தால் இரண்டுமே போலி. இதைக் கரும்பலகையில் படம் போட்டுச் சங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

தையல்காரருக்குப் பாடம் மறந்துவிட்டது போலும். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு சார். உங்களுது மியூசியத்துலயே இருக்குன்னா, அப்போ என்னுதும் நல்லதுதானே?"

உங்களுடையது என் காசைப் பார்த்துச் செய்த போலி என்று சொன்னால் முடிந்தது. தையல்காரர் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவார். அட்டை இருந்த இடத்தில் இருக்கும். அந்தப் பேச்சு மீட்டர் சாருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கட்டுரைக்கு ஐந்தாம் பக்கம்கூட மனசுக்குள் தயாராகிவிட்டது. ஆனால் எதிரே நின்ற முகத்தைப் பார்க்கக் கூசியது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"உங்களுது போலிதான்" என்றார். தையல்காரர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். "என்னுதும்தான்."

தையல்காரர் மடித்த கைக்குட்டையை மறுபடி பிரித்தார்.

"சங்கத்துல ஏமாந்தவன் நான் ஒருத்தன்தான்னு நினைச்சே இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மீட்டர் சாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இருவரும் அதிகாரியின் அறைக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் அம்மையார் முகம் தொங்கிப்போனது, பிறகு தெளிந்தது. ஒரு போலியை வைத்து யாருக்கும் எதையும் காட்ட முடியாது, ஜோடியாகக் கிடைத்தால் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்றே ஒரு பெட்டி வைத்துவிடலாம், இரண்டையும் தருவீர்களா என்று கேட்டார். தையல்காரர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"அட்டையில முதல்ல இவர் பேரைப் போடுங்க" என்றார் மீட்டர் சார்.

அம்மையார் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க, இவர் பேர் என்ன?"

மீட்டர் சார் வாயைத் திறந்தார். பிறகு தையல்காரர் பக்கம் திரும்பினார்.