வேனல் லீவும் பூஜையில் வைத்த புத்தகமும்

பக்கத்து வீட்டு வக்கீல் தன் பெண்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. அங்கே பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவார்களோ என்று அவருக்குக் கவலை. வீட்டுக்கே ஒரு வாத்தியாரை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் மேட மாசம், நம் சித்திரை, பிறந்ததும் மனுஷருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் பள்ளிக்கூடங்களை எல்லாம் அடைத்தாயிற்று. வீட்டுப் பாடத்தையும் வேனலுக்கு நிறுத்தணுமா, நடத்தணுமா? வலியசாலைத் தெருவில் வாசல் வாசலாக ஏறி இறங்கி அபிப்பிராயம் கேட்டார். சொந்தப் பெண்ணுக்கு ரெண்டு மாசம் பாடம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு தெருவே வேண்டியிருக்கிற ஆள், கோர்ட்டில் என்னத்தைச் சாதிப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைசியில் போக வேறு வீடு இல்லாமல் என்னிடமும் வந்து நின்றார்.

"மாமி, நீங்க அனுபவப்பட்டவாளாக்கும். சொல்லுங்கோ, கொழந்தைகளுக்கு ரெண்டு மாசம் விட்டுடலாமோ?"

"விட்டா அந்த ரெண்டு மாசமும் அதுகள் என்ன பண்ணும்?"

"என்ன பண்ணும்? அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கும்."

"அப்போ வாத்தியாருக்கு லீவு, உங்களுக்கு லீவு. அதுகளுக்கு எங்கே லீவு?"

அவர் சிரித்தார். கிழவி தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பார். அவருக்கு விளங்கும்படி வாயால் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான்; ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகும். ஆனாலும் எழுதிவைக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. கரமனையில் ஆற்றை ஒட்டின தெருவில் எங்கள் வீடு. அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அவரும் இந்த வக்கீல் மாதிரிதான். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் கௌரவக் குறைச்சல், படிக்க வைக்காவிட்டாலும் கௌரவக் குறைச்சல். அதனால் கச்சேரி விட்டு வந்து காபி குடித்ததும், விளக்கு வைக்கிற வரைக்கும் அவரே எனக்குச் சொல்லிக்கொடுப்பார். வாசல் கதவைத் திறந்துவைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார். தெருவில் போகிறவர்கள் காதில் விழவேண்டாமா? யாராவது போனால் குரல் ஒரு பிடி உயரும்.

எனக்கு முன்னால் என் அக்காவுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். வள்ளியூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. புக்ககம் போகிற அன்று வண்டியில் ஏறுமுன் என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"சீக்கிரம் படிச்சுக்கோடி. நான் எழுதறதை அப்பா வாயால கேக்காதே. உன் கண்ணால பாரு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று போகப் போகத் தெரிந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. யார் கடுதாசி வந்தாலும் அப்பாதான் வாசித்துக் காட்டுவார். அக்காவின் கார்டு வரும். இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கி எழுதியிருப்பாள். அப்பாவின் கண் மேலிருந்து கீழே கடைசி வரைக்கும் போகும். வாய் மட்டும், "எல்லாரும் க்ஷேமம். அங்கே மழை இல்லை. அம்மாவுக்கு நமஸ்காரம்" என்று மூன்றே வரியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு கார்டு போய்ச் சுவரில் தொங்குகிற கடுதாசிக் கம்பியில் ஏறிக்கொள்ளும். அத்தனை எறும்பும் மழை இல்லை என்று சொல்லவா ஊர்ந்தது? அம்மா கேட்கமாட்டாள். நான் கேட்டேன், ஒரு தடவை. "பெரியவா விஷயம்" என்று பதில் வந்தது.

நான் அப்போது இரண்டாம் பாடப் புத்தகம் முடிக்கிற சமயம். அச்செழுத்து எல்லாம் வாசிப்பேன். கையெழுத்து மட்டும் வராது. அக்கா கூட்டெழுத்தாகப் புள்ளி வைக்காமல் எழுதுவாள். மேடம் பிறந்ததும் பழைய கடுதாசிகளை வைத்துக் கையெழுத்து வாசிக்கச் சொல்லித் தருகிறேன் என்று அப்பாவே சொல்லியிருந்தார். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேடம் பிறந்தது. பள்ளிக்கூடத்தை அடைத்தார்கள். எங்கள் வீட்டு ஊஞ்சலில் சபை கூடியது.

சபை என்றால் அப்பாவும் சித்தப்பாவும். சித்தப்பா நாலாம் பாரத்தில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தவர். எங்கிருந்தோ ஒரு வைத்தியப் புத்தகம் கிடைத்து, அதன் பிறகு தெருவில் யார் தும்மினாலும் காரணம் சொல்லுவார்.

"அண்ணா, வேனல்ல எழுத்தைப் பாத்துண்டிருந்தா சூடு நேரே மூளைக்கு ஏறும். பொம்மனாட்டி மூளை சின்னதாக்கும். சின்னப் பாத்திரம் சட்டுனு கொதிக்குமா இல்லையா?"

"அது சரிடா. நிறுத்தினா படிச்சது மறந்துபோயிடுமே."

"மறந்தா என்ன? உங்க கச்சேரிக்கா வரப்போறா? தலைமயிர் கொட்டிப்போனா வரன் வருமா, அதைச் சொல்லுங்கோ."

மூன்று நாள் இந்த விசாரணை நடந்தது. இரண்டு பேர் கையிலும் விசிறி. நடுநடுவே மோர்ச் சம்பாரம் கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். டம்ளரைக் கொடுத்துவிட்டு நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் மூளையைப் பற்றித்தான் பேச்சு. அது என் தலைக்குள் இருந்துகொண்டு அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் தீர்ப்பு ஆயிற்று. பாடம் நிறுத்தம். அதோடு விட்டிருந்தாலும் போகட்டும். சித்தப்பாவுக்குத் தீர்ப்பில் ஒரு குறை பட்டது.

"நடுவில சும்மா மூடி வெச்சா சரஸ்வதி கோச்சுப்பா. முறையா பூஜை வெச்சுடுங்கோ அண்ணா."

நவராத்திரியில் புத்தகங்களைப் பூஜையில் வைப்பதும், எடுக்கிறவரை ஒருவரும் ஓர் எழுத்துக்கூட வாசிக்காமல் இருப்பதும், விஜயதசமியன்று எடுத்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுதுவதும் நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த முறையை நடு வேனலில் கொண்டுவந்து புகுத்தினார்கள் இந்த மேதாவிகள். என் புத்தகம், சிலேட்டு எல்லாவற்றையும் பட்டுத்துணியில் சுற்றி, சந்தனம் வைத்து, செம்பருத்தி சாத்திப் பூஜை அலமாரியில் ஏற்றினார்கள். என் சிலேட்டுக்கே நான் நமஸ்காரம் பண்ணினேன். எழுந்திருக்கவில்லை, அதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். பலாச்சக்கை வந்திறங்கியிருந்தது.

சக்கவரட்டி கிளறினவர்களுக்குத் தெரியும். பெரிய வெண்கல உருளி. அதில் பலாச்சுளை விழுது, வெல்லம். கீழே விறகு தகதகவென்று எரியும். காலையில் பிடித்த சட்டுவத்தை மத்தியானம் வரை விடக்கூடாது, விட்டால் அடிப்பிடிக்கும். குமிழ் வெடித்துக் கையில் தெறித்தால் தோல் கூடவே வரும். மேடத்து வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே அந்த உருளி முன்னால் நான் நின்றேன், ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. சித்தப்பா வாசனை பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். "இன்னும் செத்த சுருளணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். என் மூளை கொதிக்குமே என்ற கவலை அவர் முகத்தில் ஒரு நாளும் நான் பார்க்கவில்லை. எழுத்திலிருந்துதான் சூடு ஏறும் போல, விறகிலிருந்து ஏறாது.

அந்த உருளி முன்னால்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பூஜையில் இருப்பது புத்தகம். கடுதாசிக் கம்பியை யாரும் பூஜையில் வைக்கவில்லையே. அப்பாவும் கடுதாசி வாசித்துக்கொண்டுதானே இருக்கிறார். 'பெரியவா விஷயம்' என்று அப்பா சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் சரஸ்வதிக்கு அதில் கோபம் வர நியாயமில்லை.

அப்பா கச்சேரிக்குப் போனபின் கம்பியிலிருந்து பழைய கார்டாகப் பார்த்து ஒன்றை உருவி இடுப்பில் செருகிக்கொள்வேன். அம்மா முற்றத்தில் வடாம் பிழிகிற நேரம் பார்த்து எடுத்துப் பார்ப்பேன். ஒரு கை சட்டுவத்தில், ஒரு கை கார்டில். முதல் மூன்று வரி என்ன என்று அப்பா வாயால் கேட்டது நினைவில் இருக்கிறதே. 'எல்லாரும் க்ஷேமம்' இது. 'மழை' இது. அதில் தெரிந்துகொண்ட எழுத்தை வைத்துக்கொண்டு நாலாவது வரியில் இறங்குவேன். ஒரு வரிக்கு இரண்டு நாள் ஆன காலமும் உண்டு. தனக்குத் தெரியாமலே அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். அவர் நடத்தினதில் அதுதான் உருப்படியான பாடம்.

இடவ மாசம் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. பையன்கள் ஓலைக்குடை பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, புஸ்தகத்தை எடுத்துக்கட்டுமா?"

அப்பா வாயைத் திறக்குமுன் சித்தப்பா பதறினார். "அதெப்படி? பூஜை வெச்சதை விஜயதசமிக்கில்லையோ எடுக்கணும்? நடுவில தொட்டா வித்யாதோஷம் ஆக்கும்!"

அப்பா விரலை மடக்கினார். இடவம், மிதுனம், கர்க்கடகம், சிங்கம், கன்னி. விரல் தீர்ந்துபோயிற்று. ரெண்டு மாச லீவு ஆறு மாசமாக வளர்ந்து நின்றது. தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. தம்பி முன்னால் அதை ஒப்புக்கொள்ள மனுஷருக்கு மனசு வரவில்லை.

"அதான் முறை" என்றார்.

அந்த வாரத்திலேயே அக்காவின் கார்டு ஒன்று வந்தது. அப்பா வாயில் வழக்கம்போல க்ஷேமம், வழக்கம்போல 'மழை இல்லை'. மறுநாள் உருளி முன்னால் நின்று அதை வாசித்தேன். இந்தத் தடவை ஒரே மூச்சில் வாசித்தேன்.

'எனக்கு ஏழாம் மாசம் பிறந்து பத்து நாளாகிறது. இவர்கள் தாமாக எழுத மாட்டார்கள். அப்பா வந்து கேட்டால் அனுப்புவார்கள். எட்டில் வண்டி ஏற்ற மாட்டார்கள் என்று தெரியுமே. ஓரகத்திக்குப் போன வருஷம் இங்கேதான் பிரசவம். மூன்று நாள் பிரசவ அறையில் கிடந்து கண்ணை மூடிவிட்டாள். அதே உள்ளை எனக்கு இப்போதே ஒழித்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாயிருக்கிறது. நாலு தடவை எழுதிவிட்டேன்.'

முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான். அதற்குப் பெண்ணை ஏழில் அழைத்து வரவேண்டும்; எட்டில் யாத்திரை கூடாது. சம்பந்தி வீட்டார் முறைப்படி கடுதாசி போடட்டும் என்று அப்பா காத்திருந்தார். பெண்ணைப் பெற்றவன் நேரில் வந்து கேட்கட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். நடுவில் என் அக்கா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

உருளியை அப்படியே விட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரைத்த மாவு கையில் காய அம்மா கேட்டாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அடுக்களையில் அடிப்பிடித்த வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் இலை முன்னால் உட்கார்ந்ததும், அம்மா அன்னம் பரிமாறவில்லை. இலையில் அந்தக் கார்டை வைத்தாள்.

அப்பா கார்டைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் வெல்லக் கறை. "யார் இதைத் தொட்டது?"

"நான்தான்" என்றேன்.

"இவளுக்குக் கையெழுத்து வாசிக்க யார் சொல்லிக்கொடுத்தா?" என்றார் சித்தப்பா. அவருக்கு அதுதான் கவலை.

அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஏன்னா, நாலு கடுதாசியையும் முழுங்கினேளே, ஜீரணமாச்சா?"

"அவா எழுதட்டும்னு இருந்தேன். நமக்கும் ஒரு மரியாதை இல்லையா?"

"உங்க மரியாதைக்கு இப்போ எத்தனாம் மாசம்? என் பொண்ணுக்கு ஏழு."

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். விடிகாலையில் வண்டி பூட்டியாயிற்று. அம்மாவும் கூடவே ஏறினாள். அவரைத் தனியாக அனுப்ப அவளுக்கு நம்பிக்கை இல்லை. நாகர்கோவில் தாண்டி, ஆரல்வாய்மொழி தாண்டிப் போய், ஏழு முடிய நாலு நாள் இருக்கையில் அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அக்கா இறங்கினதும் என் காதைத்தான் பிடித்தாள். சிங்க மாசம் எங்கள் வீட்டில் பிறந்தான் பிள்ளை. இரண்டு நாள் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் பிறந்தான். கரமனையிலேயே கைராசிக்காரி என்று பேரெடுத்த மருத்துவச்சி கூட இருந்தாள், அக்கா பிழைத்தாள். அங்கே அந்த உள்ளில் யார் இருந்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதில்லை.

அப்பா தெருவில் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தார் தெரியுமா? "பத்து வயசுதான். பள்ளிக்கூட வாசல் மிதிக்கலை. கையெழுத்துக் கடுதாசி கடகடன்னு வாசிக்கறா. எல்லாம் ஆத்துல நான் சொல்லிக்கொடுத்ததாக்கும்."

விஜயதசமி வந்தது. பட்டுத்துணியை அவிழ்த்தார்கள். புத்தகத்தில் பூச்சி அரித்திருந்தது. ஆறு மாசமாகக் கூட்டெழுத்து வாசித்துக்கொண்டிருந்த என்னை உட்காரவைத்து, விரலைப் பிடித்து, தட்டில் பரப்பின அரிசியில் பால்குடிக் குழந்தைக்கு எழுதிக்கொடுப்பதுபோல் ஹரிஸ்ரீ எழுத வைத்தார் அப்பா. நான் கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தேளா அண்ணா, ஒரு எழுத்து மறக்கலை! பூஜை வெச்சதோட பலனாக்கும்" என்றார் சித்தப்பா.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்: "சித்தப்பா, உங்க வைத்தியப் புஸ்தகத்தையும் பூஜைல வெச்சுடுங்கோ. எடுக்கவே வேண்டாம். தெருவில நாலு பேர் பிழைச்சுப் போகட்டும்."

மூன்றாம் பாடப் புத்தகம் எனக்கு வரவில்லை. துலாத்தில் வரன் வந்தது, விருச்சிகத்தில் கல்யாணம். இன்றைக்கும் யார் கிறுக்கினாலும் வாசித்துவிடுவேன். எழுத மட்டும் அதனால்தான் ஒரு மத்தியானம் வேண்டும்.

வக்கீல் வீட்டில் லீவு விட்டாயிற்று என்று கேள்வி. கொல்லைப்பக்கம் சக்கை வாசனை வருகிறது. புத்தகத்தைப் பூஜை வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.