டெபோரா போட்ட டோக்கன்

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு செக்கர் வேலை. எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று நடந்து பார்த்து எழுதிக் கொடுப்பேன். அதை எக்செல்லில் ஏற்றுகிறவள் டெபோரா, ராயபுரத்துப் பெண். மூன்று மணிக்குள் பட்டியல் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். யூபிஎஸ் பேருக்கு இருக்கிறது. நடுவில் கரண்ட் போய் ஃபைல் கெட்டால் அவளுக்குத் திட்டு; ஏற்றி முடித்த சீட்டுகள் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும், எனக்கு மறுபடி நடை. முந்நூறு பெட்டி, வெயில், என் வலது முட்டி. போன மாதம் மட்டும் நாலு தடவை நடந்தேன். அந்தக் கடுப்பை அவள்மேல்தான் காட்டினேன்.

"இனிமே நீ நடக்க வாணாண்ணே" என்றாள் ஒரு நாள். ரயிலில் வரும்போது போனில் வீடியோ பார்த்தே, எக்செல் தானாக வேலை செய்ய ஒரு மேக்ரோ எழுதியிருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நகல் தானே சேமிக்கும். கம்ப்யூட்டர் படுத்து எழுந்தால் கடைசி நகலைத் தானே திறக்கும்.

மறுநாள் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு முறை, மதியம் ஒரு முறை கரண்ட் போனது. மதியம் மேக்ரோ திறந்ததோ முந்தைய நாள் பட்டியல். வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்தால் அவள் திரையின் மூலையைக் காட்டுகிறாள். வருஷம் 2009. உப்புக் காற்றில் கம்ப்யூட்டருக்குள் கடிகார பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது. கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் ஓடிவிடும், நெட் ஒழுங்காகக் கிடைத்தால்தான் மறுபடி சரியாகும். மணி பார்க்கத்தான் போன் இருக்கிறதே, எவன் கவனித்தான்? காலையில் கரண்ட் வந்தபின் எடுத்த நகல்களில் எல்லாம் 2009 என்று விழுந்ததால், முந்தைய நாள் நகல்தான் புதிது என்று மேக்ரோ எடுத்துக்கொண்டது.

"பேட்டரி மாத்தினா முடிஞ்சிது. இதுக்கு இன்னாம்மா இவ்ளோ யோசனை?"

"அதுவும் துரு புடிக்கும்ணே. தேதியே வாணாம். கேட்ல லாரிக்கு டோக்கன் குடுக்கறோமே, டைமா பாக்கறோம்? நம்பர் பெருசா இருந்தா பின்னாடி வந்த லாரி."

நகல்களுக்கும் அப்படியே வரிசை எண் போட்டாள்.

நேற்று இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. பழக்கதோஷம், நான் சேஃப்டி ஷூவை மாட்டி எழுந்துவிட்டேன். சில நிமிடத்தில் கரண்ட் வந்து கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. வருஷம் பழையபடி 2009. நகல் 812 தானே திறந்தது. கடைசியாக நான் எழுதிக் கொடுத்த மூன்று பெட்டிகளும் அதில் இருந்தன.

"கீதுண்ணே, அல்லாம் கீது" என்றாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மேசையைத் தட்டிவிட்டேன், டீ கவிழ்ந்தது.

மூன்று மணி அடித்தபோது நான் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன்.