‘இல்லை’ அழுத்தும் கூட்டம்

போன வாரம் என் மனைவி தன் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே இருந்த படங்கள் மொத்தமும் காணோம். கடைசியாக அது உன்னிடம் என்ன கேட்டது என்றேன்.

“ஏதோ கேட்டுச்சு. நான் இல்லன்னு அழுத்துனேன். இல்லன்னு சொன்னா விட்டுடும்ல?”

விடாது. ‘படங்களை வைத்திருக்கட்டுமா?’ என்றுகூட அது கேட்டிருக்கலாம். இதைத்தான் நான் என் வாழ்க்கையில் பாதி நாள் சொல்லித் தொலைத்திருக்கிறேன். திரையில் ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்டால் அதைப் படிக்க வேண்டும் என்று. மனிதர்கள் படிப்பதில்லை. வாசலில் சந்தா கேட்டு வந்தவரை அனுப்புகிற மாதிரி, முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கோபத்தில் பால்கனிக்குப் போய் நின்றேன். எதிர் மாடியில் யாரோ ஜன்னல் கம்பியை வெல்டிங் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். சுட்ட இரும்பின் வாசனை வந்தது. அவ்வளவுதான், நினைப்பு நேரே பழைய திருவொற்றியூர் பட்டறைக்குப் போய்விட்டது. இனிமேல் இதைக் கேட்க ஆள் வேண்டும். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். கீழே பட்டறை, மேலே எங்கள் டிராயிங் ஆபீஸ். மணலியிலும் எண்ணூரிலும் இருந்த ஆலைகளுக்கு டேங்க், பெரிய குழாய், பாய்லருக்கு வேண்டிய உறுப்புகள் என்று செய்து கொடுப்பார்கள். மேலே ஏழெட்டுப் பேர் கம்ப்யூட்டரில் வரைவோம். கீழே தகட்டை வெட்டி, உருட்டி, பற்றவைப்பார்கள். மேற்கிலிருந்து காற்றடித்தால் ஆலைப் புகை, கிழக்கிலிருந்து அடித்தால் கருவாடு. இரண்டும் அடிக்காத நேரத்தில் இரும்பு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சாம்பார் எந்த வாசனையில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வரைகிற மென்பொருளுக்குள்ளேயே லிஸ்ப் என்று ஒரு நிரல்மொழி இருந்தது. பார்த்தால் அடைப்புக்குறிகளைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அருமையான மொழி. பத்து நிமிடம் கோடு கோடாக இழுக்கிற வேலையை இரண்டெழுத்துக் கட்டளையில் முடித்துவிடலாம். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். ஆளாளுக்குத் தனக்குப் பிடித்த கட்டளைகளை எழுதி, எல்லோருடைய மிஷினோடும் இணைந்த பெரிய மிஷினில் இருந்த ஒரே பொதுக் கோப்பில் போட்டுவிடுவார்கள். காலையில் யார் எந்தப் படத்தைத் திறந்தாலும் அந்தக் கோப்பு முழுக்க அவரவர் மிஷினில் ஏறிவிடும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த மொழியில் எல்லாப் பெயர்களும் ஒரே அறையில்தான் குடியிருக்கும். நான் ஒரு பெயர் வைத்து ஒரு வேலை எழுதியிருப்பேன். நாளைக்கு இன்னொருவர் அதே பெயரில் வேறொன்று எழுதினால் என்னுடையது செத்துவிடும், சத்தமே இருக்காது. மொழிக்குள் பிறவியிலேயே இருக்கிற பெயர்களைக்கூட இப்படிக் கவிழ்த்துவிட முடியும். வாரத்துக்கு ஒரு நாளாவது யாராவது எதையாவது கவிழ்த்துவிட்டு, “மிஷின் பேஜாரு பண்ணுது” என்று என்னைக் கூப்பிடுவார்கள். லிஸ்ப் தெரிந்தவன் என்று என் தலையில் எழுதியிருந்தது. நான் போய்ப் பார்த்து, திட்டி, சரிசெய்துவிட்டு வருவேன். திட்டினால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். டீ குடித்தே எனக்கு அல்சர் வந்தது.

மென்பொருளின் புதிய பதிப்பு வந்தபோது அதில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். முக்கியமான பெயர்களுக்குப் பூட்டு போடலாம். யாராவது கைவைத்தால் மறுத்துவிடும். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மொழியின் பெயர்களோடு எங்கள் ஆபீசின் கட்டளைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் பூட்டினேன். அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதலாளியின் பழைய கட்டளை ஒன்று, பூட்டிய பெயர் ஒன்றின் மேல் உட்காரப் பார்த்து, மறுக்கப்பட்டுவிட்டது.

முதலாளி கீழ்ப் பட்டறையில் ஆரம்பித்து மேலே வந்தவர். கையால் வரைந்து வளர்ந்தவர். கம்ப்யூட்டரையும் தானே கற்றுக்கொண்டார் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை, நியாயமான பெருமைதான். பொதுக் கோப்பில் அவரும் கைவைப்பார்.

“இன்னாபா, என் ஆபீஸ்ல எனக்கே பூட்டா?”

“சார், இது உங்களுக்கு இல்ல. யாரும் தெரியாம மாத்திடக் கூடாதுன்னு…”

“தெரிஞ்சுதான மாத்துறேன். தொற.”

திறந்தேன். முழுவதும் திறக்க மனம் வரவில்லை. மறுப்பதற்குப் பதிலாக, ஒரு கேள்வி மட்டும் கேட்கும்படி வைத்தேன். ‘காக்கப்பட்ட பெயரை மாற்றப் பார்க்கிறீர்கள். நிறுத்திச் சோதிக்கவா?’ என்று ஆங்கிலத்தில் வரும். ‘ஆம்’ அழுத்தினால் வேலை அங்கேயே நின்று, திரையில் சோதிக்கிற ஜன்னல் திறக்கும். ‘இல்லை’ அழுத்தினால் பூட்டை உடைத்துக்கொண்டு மாற்றிவிடும். இந்தக் கேள்வியை இப்படி அமைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, என்றைக்காவது கண்டால் அவரிடம் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்து சேர்ந்திருந்தாள். கல்மண்டபம் பகுதிப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்திருந்தாள். அவளைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள், அடுத்த மாதம் நிரந்தரம் என்று பேச்சு. கீழேயிருந்து யாராவது மேலே ஏறி வந்து, “இந்த டிராயிங் யார் போட்டது?” என்று கேட்டால் நாங்களெல்லாம் முகத்தைத் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொள்வோம். அவள் மட்டும் எழுந்து நின்று, “நான்தான், இன்னா ஆச்சு?” என்பாள். படத்தின் மூலையில் வரைந்தவர் பெயர் போடும் கட்டத்தில் நாங்கள் முதலெழுத்தைக் கிறுக்குவோம். அவள் முழுப் பெயரையும் போடுவாள்.

இதற்கிடையில் முதலாளிக்கு ஒரு மனத்தாங்கல். டேங்கின் சுற்றளவைக் கையால் போட்டுப் பார்த்தால் மிஷின் சொல்வதோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடித்தது. அவர் பள்ளிக்கூடத்தில் படித்த 22/7-ஐப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர். மிஷின் அதைவிட நுட்பமாக, பை என்கிற எண்ணைப் பல தசமங்களுக்கு வைத்திருக்கும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? ஒரு சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, பொதுக் கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்துவிட்டார். பை என்றால் இனிமேல் 22/7.

நண்பரே, நீங்கள் கம்ப்யூட்டர்காரராக இல்லாவிட்டாலும் இதைக் கேளுங்கள். அந்த மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியைத் தூக்கி எறிந்துவிடும். இருபத்திரண்டை ஏழால் வகுத்தால் அதற்கு விடை மூன்று. வெறும் மூன்று. அந்த நிமிடத்திலிருந்து எங்கள் ஆபீசில் வட்டங்களின் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்கு, முடிந்தது விஷயம்.

அந்த வாரம் நான் ஆபீசில் இல்லை. எண்ணூரில் ஒரு ஆலையில் பழைய குழாய்களை அளந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்த அன்று படியேறவிடாமல் தேவராஜ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தகட்டை வட்டமாக உருட்டும் மிஷினை ஓட்டுகிறவர் அவர்.

“இத்த வந்து பாருப்பா. ரெண்டு பக்கமும் சேரவே மாட்டேன்து.”

இரண்டு மீட்டர் விட்டத்தில் உருட்டிய டேங்க் வளையம், வாய் பிளந்து நின்றது. ஒரு சாணுக்கும் மேலே இடைவெளி. தேவராஜ் அதற்குள் கையை விட்டு, அந்தப் பக்கம் ஆட்டிக் காட்டினார். தகடு தடிமனானது, வெட்டியது வெட்டியதுதான். வெட்டும்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன்.

“டிராயிங்ல இன்னா கீதோ அத்த வெட்டு, உன் மூளைய வூட்ல வெச்சிட்டு வான்னு போன வருசம் சொன்னது யாரு? மொதலாளிதான. வெச்சிட்டு வந்துட்டோம்.”

டிராயிங் ஸ்டெல்லாவுடையது. முழுப் பெயரும் மூலையில் இருந்தது. காலையில் முதலாளி பட்டறையில் எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, “நாளையிலிருந்து வராதே” என்று சொல்லிவிட்டிருந்தார். ஆலையிலிருந்து வந்திருந்த ஆளும் அப்போது அங்கேதான் நின்றிருந்தாராம்.

மேலே போனேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர், தன் படத்தில் துளைகளெல்லாம் வட்டமாகச் சுற்றி வராமல் கோணிக்கொண்டு நிற்கின்றன, மானிட்டர் போய்விட்டது என்று மானிட்டரின் தலையில் தட்டிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து, பை எவ்வளவு என்று மிஷினைக் கேட்டேன். மூன்று என்றது. படத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விப் பெட்டி வந்ததா என்று எல்லோரையும் கேட்டேன். வந்ததாம். நாலு நாளாக வந்துகொண்டே இருக்கிறதாம். என்ன செய்தீர்கள்? ‘இல்லை’ அழுத்தினார்களாம். ஏழெட்டுப் படித்த மனிதர்கள், நாலு நாள், ஒருவர்கூட அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒளிக்கவில்லை.

“நான்தான் போட்டேன். 22/7 தப்பா?”

“தப்பில்ல சார். மிஷின் அத மூணுன்னு எடுத்துக்குது.”

“அப்போ மிஷின் தப்பு.”

எழுந்து வந்தார். என் தோளுக்கு மேல் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு அவரே விசைப்பலகையை இழுத்து வரியை அழித்து, சேமித்து, “இப்போ சரியா? அந்தப் பொண்ண வரச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலமே கல்மண்டபம் போனேன். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள், பஸ் நகரவில்லை, பாதி தூரம் நடந்தேன். ஸ்டெல்லாவின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். நாளைக்கே வந்துவிடு என்றேன். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

“ண்ணா, அந்தப் பொட்டி வந்த மொத நாளே நான் படிச்சேன். ஆமான்னு அழுத்துனேன்.”

“நீயா?”

“மிஷின் நின்னுபோச்சு. சார் ஓடி வந்தார். ‘அவசர வேலை நடந்துகினு கீது, நீ இன்னா நிறுத்திக்கினு? அது கேட்டா இல்லன்னு அழுத்து, அவ்ளோதான்’னு சொல்லிட்டுப் போனார். அதுக்கப்புறம்தான் நானும் இல்லன்னு அழுத்துனேன்.”

நான் போட்ட பூட்டை அந்த ஆபீசில் ஒரே ஒருத்தி மதித்திருக்கிறாள். வீட்டுக்கு அனுப்பியதும் அவளையேதான்.

“பட்டறைல நிக்க வெச்சுத்தான போகச் சொன்னார்?” என்றாள். “அதே எடத்துல நின்னு, ‘அது நான் போட்டது, இந்தப் பொண்ணு மேல தப்பில்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும்ணா. நான் வரேன்.”

அவள் அப்பா, மகள் சொன்னதற்குத் தலையாட்டினார். மறுநாள் முதலாளியிடம் இதைச் சொன்னேன்.

“வேலைக்கு வான்னுதான சொல்லிட்டேன். அதுக்கு மேல இன்னா? நான் போய் அங்க நின்னு பேசினா நாளைக்கு எவன் என்ன மதிப்பான்?” என்றார். அவள் ‘ஆம்’ அழுத்திய கதையைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. பொய் சொல்லவில்லை, சத்தியமாக ஞாபகமில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஸ்டெல்லா வரவில்லை. நானே பட்டறையில் ஒவ்வொருவராகப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். பையாவது மூன்றாவது, யாருக்குப் புரிகிறது? “ஆமாமா” என்றார்கள். வாய் பிளந்த அந்த வளையத்தைப் பின்பக்கச் சுவரோரம் உருட்டி வைத்திருந்தார்கள். டிராயிங்கில் இருந்த பெயரைப் பார்த்து யாரோ ஒருவன் சாக்பீஸில் அதன் மேல் ‘ஸ்டெல்லா’ என்று எழுதிவிட்டான். வெயிலுக்கு அதற்குள் சைக்கிளை நிறுத்துவார்கள். “வண்டிய ஸ்டெல்லா டேங்க் கிட்ட உடு” என்பார்கள். தேவராஜே சொல்வார். எத்தனை தடவை திருத்தினாலும் சிரித்துவிட்டு மறுபடியும் அதையே சொல்வார்கள். சில வருடம் கழித்து நானும் அங்கிருந்து கிளம்பிவிட்டேன்.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. முதலாளி இல்லை. வளையம் பழைய இரும்பாகக் காயலான் கடைக்குப் போயிருக்கும். அந்தப் பொதுக் கோப்பு இருந்த மிஷின் எங்கே போயிற்றோ, அதில் அந்த வரி அன்றைக்கே அழிந்துவிட்டது. ஸ்டெல்லா குடும்பம் கல்மண்டபத்தை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். விசாரித்தேன், தெரியவில்லை. பட்டறையும் அதைச் சுற்றியிருந்த மனைகளும் சேர்ந்து இப்போது ஒரு கண்டெய்னர் யார்டு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். யார்டு வாசல் வந்ததும் டிரைவர், “ஸ்டெல்லா டேங்க் எறங்கு, ஸ்டெல்லா டேங்க்” என்று குரல் கொடுத்தார். இங்கே டேங்க் எதுவும் இல்லையே, ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.

“யாரோ ஒரு பொம்பள தப்புத் தப்பா கணக்குப் போட்டு டேங்க்க ஓட்டையா செஞ்சுச்சாம் சார். அப்போலேர்ந்து அப்டிதான் சொல்றாங்கோ.”

“இல்லப்பா, அந்தப் பொண்ணு ஒருத்திதான் சரியா…” என்று நான் ஆரம்பித்தேன். பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். டிரைவர் தலையை வெளியே நீட்டி அவனைத் திட்டிவிட்டு, வண்டியை எடுத்துவிட்டார்.