பாலுக்குச் சமமான பொரி

ஞானம்மாவுக்கு உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமே கிடையாது. ஆரம்பாக்கத்தில் நடவு நட்ட காலத்திலும் வரப்பில் நின்றபடியே கஞ்சியைக் குடித்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்கிவிடுவாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்து, புருஷன் மோசஸ் ஒரு இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டில் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. மெட்ராஸ் கடற்கரையில் ஒருமுறை தின்ற சோளப்பொரி நினைவுக்கு வந்தது. வாணலியில் மணலைக் காயவைத்து மக்காச்சோளத்தைப் பொரித்தாள். காகிதத்தில் மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு காலை ரயிலில் ஏறிவிட்டாள். வருஷம் எழுபத்து மூன்றோ நாலோ, அந்த வாக்கில்.

வேலைக்குப் போகிற ஆட்களில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடுதான் வண்டியேறுவார்கள். நாஷ்டாவுக்குப் பதிலாக இதை வாங்கிக் கொறித்தார்கள். ஒரே தொல்லை, மத்தியானத்துக்குள் பொரி நமுத்துப்போகும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக்குப் போடுவாள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் மிக்சர் கடை வைத்திருந்த பரசுராமன் அதற்கு வழி சொன்னார்.

"காகிதத்துல மடிச்சா காத்து பூந்துரும்மா. பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மெழுகுவத்தியில காட்டி ஒட்டிடு. மணல்ல வறுக்காத, டால்டாவுல பொரி. உப்பு தூக்கலா போடு. மஞ்சக் கலரு நான் குடுக்கறேன், லாபத்துல எனக்கு ஒரு பங்கு குடு."

"அவ்ளோ உப்பு எதுக்குண்ணா?"

"அப்பத்தாம்மா ஒண்ணு துன்னவன் இன்னொண்ணு கேப்பான்."

கேட்கத்தான் செய்தார்கள். மஞ்சள் பாக்கெட் ரயிலில் எல்லாப் பெட்டியிலும் கைமாறியது. ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் போடச்சொல்லி பரசுராமன் சின்னச் சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஞானம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மோசஸிடம் நீட்டினாள்.

"'சத்து நிறைந்த சோளப்பொரி. பாலுக்கும் முட்டைக்கும் சமம்,'" என்று படித்தான் அவன்.

"பாலுக்குச் சமமா? யாரு சொன்னது?"

"அச்சடிச்சிக்கீறாங்க இல்ல, வுடு."

அவளால் விட முடியவில்லை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் மஞ்சள் போகாது. அதே விரலால் சோறு பிசையும்போது அந்தச் சீட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ரயிலில் யாராவது ஒரு பெண் பாக்கெட்டைப் பிரித்துக் குழந்தை கையில் கொட்டினால், வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். திரும்பிய பிறகும் அந்தக் குழந்தை மெல்லுகிற சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருப்பது போலிருக்கும். 'எல்லாரும் துன்றதுதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடப்பாள்.

பக்கத்துத் தெரு துலுக்காணம் அவளுடைய தினசரி வாடிக்கை. கெமிக்கல் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன், வயதானவர். ஞானம்மா அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு ரத்தக் கொதிப்பு. மருமகள் அங்காளம்மாள் டாக்டர் சொன்னபடி ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். குழம்பில்கூட உப்பைக் கிள்ளித்தான் போட்டாள்.

"ஊட்டுச் சோத்துல நாக்கே செத்துப்போச்சு. ரெண்டு பாக்கெட் குடும்மே," என்றார் ஒருநாள்.

"இதுல உப்பு கீதே நைனா."

"பொரிதானே? வெறும் காத்து. இது இன்னா பண்ணப்போவுது? பாலுக்குச் சமம்னு வேற போட்டுக்கீது."

சீட்டை எடுத்து அவளுக்கே காட்டினார். ஞானம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து ஒருவன் கைதட்டிக் கூப்பிட்டான். பாக்கெட்டுகளை அவர் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க ஒரு இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. செருப்புக்குமேல் பிதுங்கிக்கொண்டிருந்த அவருடைய வீங்கிய கால்களே கண்ணுக்குள் நின்றன.

அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் துலுக்காணம் சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஞானம்மாதான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நாலு பேரைக் கூட்டி, ஒரு லாரியை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

தகவல் தெரிந்து அங்காளம்மாள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா அவளிடம், "உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தோமே?" என்று கேட்டார்.

"சத்தியமா ஊட்டுல உப்பே காட்டறதில்ல டாக்டர்."

அப்போது ஆயா அவருடைய காக்கிச் சட்டையை மடித்துக் கொடுத்தாள். பை புடைத்துக்கொண்டிருந்தது. பிரித்ததும் பிரிக்காததுமாய் மஞ்சள் பாக்கெட்டுகள். அங்காளம்மாள் மெதுவாகத் திரும்பி ஞானம்மாவைப் பார்த்தாள்.

ஞானம்மாவே டாக்டரிடம் கேட்டாள். "இத்தாலதான் வந்துச்சா, அம்மா?"

"இது ஒண்ணாலதான்னு சொல்ல முடியாதும்மா. பல நாளா ஏறியிருக்கிற கொதிப்பு. சோளம் நல்ல பொருள்தான், தவிட்டோட வயித்துக்குப் போகுது. அதுமேல கொட்டற உப்பும் டால்டாவும்தான் இவர மாதிரி ஆளுக்கு ஆகாது. சாப்பாட்டுக்குப் பதிலா இதையே தின்னா யாருக்குமே ஆகாது."

அங்கிருந்து நேரே பரசுராமன் கடைக்கு நடந்தாள். உப்பைக் குறைக்க வேண்டும், கலர் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்றாள்.

"கெழவன் வுழுந்ததுக்குப் பொரியா காரணம்? பேஜாரு பண்ணாதம்மா. உப்பில்லாம எவன் வாங்குவான்?"

"வாங்காங்காட்டி போறான். பாலுன்னு பொய் சொல்லி என்னால குடுக்க முடியாதுண்ணா."

மறுநாளே மீதிச் சீட்டுகளையும் கலர் டப்பாவையும் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மறுபடி மணலில் வறுத்தாள். கவரும் மெழுகுவத்தியும் மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். ஆனால் உப்புக்கு நாக்குப் பழகிப்போனதால், வெறும் பொரியை வாயில் போட்டவர்கள் முகம் சுளித்தார்கள். "இன்னாம்மே, ஊட்டுல உப்பு தீந்துபோச்சா?" என்று பெட்டியே சிரித்தது. முக்கால் கூடை அப்படியே திரும்பியது. மோசஸ்கூடத் தின்று பார்த்துவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு காகிதத்துண்டில் துளி உப்பும் மிளகுத்தூளும் மடித்து, பொரியோடு பாக்கெட்டுக்குள் போட்டாள்.

"வோணும்னா போட்டுக்க. கொதிப்பு கீறவங்க தூக்கிப் போட்டுருங்க. குழந்தைக்குக் குடுத்தா பக்கத்துல குந்திக்கினு குடு, தொண்டையில மாட்டிக்கும்."

பெட்டிக்குப் பெட்டி இதையே சொன்னாள். சிலர் கேட்டார்கள், பலர் மடிப்பைப் பிரித்து முழு உப்பையும் கொட்டிக்கொண்டார்கள். பரசுராமன் பொரி விற்க எளாவூரில் கன்னியம்மா என்று வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டார். மஞ்சள் பாக்கெட் ரயிலில் தொடர்ந்து விற்றது. ஞானம்மா எளாவூருக்கே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

கன்னியம்மா மடியில் குழந்தையோடு பொறுமையாகக் கேட்டாள். "நீ சொல்றது சரிதாங்க்கா. எனக்கு வேற வேலை இல்லியே," என்றாள். ஞானம்மாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

துலுக்காணம் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் சரியாக வரவில்லை. வேலை போயிற்று. ஒரு சாயங்காலம் ஞானம்மா உப்பில்லாத பொரி ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அங்காளம்மாள் வாசலில் வழிமறித்து நின்றாள். கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து மென்று பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்து, "மாமா, ஞானம்மா வந்துக்கீது," என்று குரல் கொடுத்தாள்.

அவர் இடது கையால் அள்ளி வாயில் போட்டு, வெகு நேரம் மென்றார்.

"வைக்கோல் மாதிரி கீதுமே."

"துன்னு நைனா."

அவர் தின்றார். அங்காளம்மாள் ஒரு பலகையை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னாள். ஞானம்மா, நாளைக்குச் சோளம் பொறுக்கி வைக்கணும் என்று சொல்லிக்கொண்டு நின்றபடியே இருந்தாள்.