கடைசி வரிசை வரைக்கும்

மூளை வேலை செய்கிற விதத்தைக் கணக்காக்கி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் விஞ்ஞானிகள் ஆண்டுக்கு ஒருமுறை அந்த அரங்கில் கூடுவார்கள். ஊழியர்களுக்கு அது 'மூளை மாநாடு'. கேள்வி நேரத்தில் கை தூக்குகிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய் நீட்டுவது, எல்லோரும் 'மைக்கக்கா' என்று கூப்பிடுகிறவளின் வேலை. வாங்கியதும் முக்கால்வாசிப் பேர், "இது கேள்வி இல்ல, ஒரு சின்னக் கருத்து" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசுவார்கள். மைக்கைப் பிடுங்கக் கூடாது என்பது விதி. பிடுங்குகிற மாதிரி பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் கணவர் அதே அரங்கில் சவுண்டுக்காரர். காலையில் மேடையேறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "கேக்குதா?" என்பார். காலி நாற்காலிகளுக்குப் பின்னால், கடைசி வரிசையில் இவள் கையைத் தூக்கி, "கேக்குது" என்பாள். அவர்கள் குடும்பம் நடத்தியதே பெரும்பாலும் இப்படித்தான். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

இந்த வருட மாநாட்டில் ஓர் இளம் விஞ்ஞானி, அடிபட்ட மூளை மறுபடி பேசக் கற்பதைத் திரையில் ஒரு கோடாகக் காட்டினாள். கோடு தடாலென்று விழுந்தது. பிறகு மெல்ல ஏறியது. அக்கா மைக்கோடு இரண்டு வரிசை முன்னால் வந்து நின்றாள்.

"கடைசியா ஒரு கேள்வி?" என்றார் அமர்வுத் தலைவர். சாப்பாட்டு நேரம். ஒரு கையும் எழவில்லை. மைக் இவளிடம்தான் இருந்தது.

"அந்தக் கோடு ஏறுச்சே, நெஜ ஆளுக்கும் ஏறுமா? என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிடுச்சு."

அன்றைக்குக் கருத்து ஒட்டாமல் வந்த கேள்வி அது ஒன்றுதான்.

விஞ்ஞானி திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அது நாங்க கம்ப்யூட்டர்ல செஞ்ச மூளைம்மா. அவருக்கு வருமான்னு எனக்குத் தெரியல. ஆனா பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தப்பதான் அது ஏறுச்சு. விட்டப்ப நின்னுடுச்சு."

கேள்வி கேட்டதற்காக மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அக்கா வீடு வந்தாள். டிவி ரிமோட்டை எடுத்துக் கணவரின் வாயருகே நீட்டினாள்.

"மைக் செக் பண்ணுங்க."

இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் கை பழகிய கை. ரிமோட்டை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். வாய் திறந்தது. வெறும் காற்று வந்தது.

அவள் சமையலறை வாசலுக்குப் போனாள். அந்த வீட்டில் கடைசி வரிசை அதுதான். கையைத் தூக்கினாள்.

"கேக்குதுங்க. நல்லாவே கேக்குது."

அவர் இல்லையென்று தலையாட்டினார். சவுண்டு விஷயத்தில் பொய் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மறுபடி இரண்டு தட்டுத் தட்டினார்.